நூற்று ஐம்பத்தொன்பதில் நின்ற இறைச்சி

கொல்லைப்புறத்தில் நின்ற அந்தப் பெல்லட் அடுப்பை ஆர்லன் கூபெக் ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடப் பற்றவைத்ததில்லை. அது அவன் மனைவி ஜானெலுடையது. அமெரிக்காவின் ஐயோவாவில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அங்கே வீட்டுக்குள் இருக்கிற அடுப்பு யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம், கொல்லைப்புறத்து அடுப்பு ஆம்பளையுடையது. பீர் பாட்டிலும் கையுமாக அதன் முன்னால் நின்றுகொண்டு, ராணுவத் தளபதி மாதிரி புகையை முறைத்துக்கொண்டிருப்பான். கூபெக் வீட்டில் எல்லாம் தலைகீழ். ஜானெல் அடுப்புக்கு முன்னால் நிற்பாள், ஆர்லன் தட்டோடு அவளுக்குப் பின்னால் நிற்பான். தெருவில் பாதி ஆண்கள் சந்தேகம் கேட்க அவளிடம்தான் வருவார்கள். ஆர்லனுக்கு இதில் கூச்சநாச்சம் ஒன்றும் கிடையாது. ஏழு வருடமும் நன்றாகச் சாப்பிட்டான்.

ஜானெல் பிப்ரவரியில் செத்துப்போனாள். இது மே மாதக் கடைசி சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. நான்கு பன்றித் தோள்களை ஒரு பெரிய தட்டில் வைத்துக்கொண்டு ஆர்லன் அந்த அடுப்பின் முன்னால் நின்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகள் டெலனிக்கு விருந்து. பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் அந்த மாதம் கொல்லைப்புறத்தை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். ஊர் வரும், தின்னும், பிள்ளையின் கையில் ஒரு வாழ்த்து உறையைத் திணித்துவிட்டு அடுத்த வீட்டு விருந்துக்குப் போகும். எண்பது பேராவது வருவார்கள். ஜானெலின் அக்கா கொரீன் போன வாரம் தொலைபேசியில், "சூப்பர் மார்க்கெட்ல நாலு டிரே கறி சொல்லிடுறேன் ஆர்லன், நீ ஒண்ணும் மெனக்கெட வேண்டாம்" என்றாள். வழக்கமாக எதற்கும் சரி என்கிறவன் அன்றைக்கு வேண்டாம் என்றான். ஜானெலின் அடுப்பில் நானே செய்கிறேன் என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது தெரிந்தது.

காரணம் இருந்தது. விருந்து முடிந்த கையோடு, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, கொரீன் தன் வேனில் டெலனியை டி மாய்னுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். கோடை முழுக்கப் பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டு, ஆகஸ்டில் அங்கிருந்தே கல்லூரிக்குப் போவதாக டெலனி ஏப்ரலிலேயே சொல்லிவிட்டாள். அன்றைக்கும் ஆர்லன் சரி என்றுதான் சொன்னான். ஆனால் கொல்லைப்புறத்தில் அந்தப் புகை எழுந்து அவள் அறை ஜன்னல்வரை போனால், பெண் மனம் மாறி இங்கேயே இருந்துவிடுவாளோ என்று ஓர் எண்ணம். அதை எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவனுக்குள் அப்போது உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

மற்றபடி அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. நான்கு மாதமாக அப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் எப்படியோ, உடம்பு முழுக்க அப்படி. காபி குடித்தான், வேலைக்குப் போனான், துணி துவைத்தான். சவ அடக்கத்தில் அவன் அழாமல் நின்றதைப் பார்த்துச் சர்ச்சுக்காரர்கள் நெஞ்சுரம் உள்ளவன் என்று மெச்சினார்கள். கொரீன் கல்லுளிமங்கன் என்றாள். அவன் இருவருக்கும் நன்றி சொன்னான்.

பெல்லட் என்பது கோழித்தீவனம் மாதிரிதான் இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள். ஆர்லன் ஆப்பிள் மரத்து மூட்டையைப் பிரித்து அடுப்பின் பக்கவாட்டுப் பெட்டியில் கொட்டினான். உள்ளே ஒரு திருகு இருக்கிறது, அது சுற்றிச் சுற்றிக் குச்சிகளை அடியில் உள்ள நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு விசிறி ஊதும். எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இருநூற்று இருபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தான். இறைச்சியில் ஒரு கம்பியைக் குத்தினான். அடுப்பின் நெற்றியில் இரண்டு எண்கள் வந்தன, ஒன்று அடுப்பின் சூடு, இன்னொன்று இறைச்சியின் சூடு. இருநூற்று மூன்று வந்தால் இறைச்சி தயார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஜானெல் அதைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வருவாள்.

ஏழு மணிக்கு வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு மெர்லுடைய தலை தெரிந்தது. எழுபது வயது, வாய் மட்டும் இருபது.

"என்னய்யா, இன்னைக்கு நீயா?"

"நான்தான்."

"தீயணைப்புக்காரனுக்குச் சொல்லி வெச்சுட்டியா?"

அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து ஆர்லன் சிரித்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மூடியத் தொறந்து தொறந்து பாக்காத. நான் ஒருதடவ தொறந்தேன்னு ஜானெல் என் புறங்கையிலேயே இடுக்கியால ஒண்ணு போட்டா. தழும்பு இருக்கு, பாக்குறியா?"

"வேண்டாம் மெர்ல்."

"அவ போட்டதுன்னு பத்திரமா வெச்சிருக்கேன்" என்றான் மெர்ல். பிறகு வேலியை இரண்டு தட்டுத் தட்டினான். "பேத்திக்கு பந்து மேட்ச். டுபுக் வரைக்கும் போகணும். சாயங்காலம் வந்து ருசி பாக்குறேன்."

பத்தரை மணிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எண் ஏறிக்கொண்டே வந்தது. தொண்ணூறு, நூற்றுப்பத்து, நூற்று நாற்பது. ஆர்லனுக்கு எண்கள் பழக்கம். அவன் ஊர் தானியக் கிடங்கில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறான். லாரி லாரியாகச் சோளம் வரும், கம்பியைக் குத்தி ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பான், பதினைந்தரைக்கு மேல் இருந்தால் உலர்த்தும் கூண்டுக்கு அனுப்புவான். கூண்டில் எண் இறங்காமல் அப்படியே நின்றால் இயந்திரம் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம். சுவிட்சை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட வேண்டும். பத்தில் ஒன்பது தடவை சரியாகிவிடும். வெயிட்டிங் என்பதெல்லாம் அவன் வேலையில் கிடையாது. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான்.

பதினொரு மணிக்கு இறைச்சி நூற்று ஐம்பத்தொன்பதில் நின்றது.

பன்னிரண்டு மணிக்கும் நூற்று ஐம்பத்தொன்பது. ஒரு மணிக்கு நூற்று ஐம்பத்தெட்டு. ஆர்லன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தான். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. நகராத ஒரு எண்ணின் முன்னால் அவன் இதற்கு முன்பும் இப்படி உட்கார்ந்திருக்கிறான்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, தபால் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜானெலின் மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. ஐயோவா சிட்டி ஆஸ்பத்திரியில் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. கட்டிலுக்கு மேலே ஒரு திரையில் நான்கைந்து எண்கள். டாக்டர் வந்து அவற்றில் ஒன்றைக் காட்டி, இது மாற வேண்டும், மாறவில்லை என்றார். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழன் காலை, இயந்திரத்தை நிறுத்தச் சம்மதித்து ஆர்லன் கையெழுத்துப் போட்டான். டெலனி கேட்டாள். சனிக்கிழமைவரை பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். அவன் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. யாராவது கேட்டால் அவன், டாக்டர் சொன்னார் என்பான். அதற்கு மேல் எவனும் கேட்க மாட்டான். டெலனி அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

இரண்டு மணிக்கும் நூற்று ஐம்பத்தெட்டு. ஆர்லன் எழுந்து, பின்பக்கம் போய், சுவிட்சை அணைத்தான். முப்பது எண்ணினான். மறுபடி போட்டான்.

பெல்லட் அடுப்பு வைத்திருக்கிற எவரும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எரிகிற அடுப்பை அப்படிச் சட்டென்று அணைக்கக் கூடாது. விசிறி நின்றால் கிண்ணத்தில் நெருப்பு மூச்சு முட்டிச் சாகும், மேலே விழுந்த குச்சிகள் பாதி கருகிக் கிடக்கும். மறுபடி போட்டால் திருகு அதன் தலையிலேயே புதுக் குச்சிகளைக் கொண்டுவந்து கொட்டும். அப்படித்தான் கொட்டியது. அடுப்பின் சூடு நூற்று எண்பதுக்கு இறங்கியது, நூற்று எழுபதுக்கு இறங்கியது. அவன் இன்னொரு தடவை அணைத்துப் போட்டான். இன்னொரு கை குச்சி விழுந்தது. மூடி இடுக்கிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகக் கம்பளி கனத்தில் புகை வந்தது. இப்போதுதான் வேலை செய்கிறது என்று ஆர்லன் நினைத்தான்.

டம்மென்று ஒரு சத்தம். உள்ளே அடைந்த புகை பற்றிக்கொண்டதில் மூடி ஒரு சாண் எழும்பி விழுந்தது.

மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்தாள் டெலனி, வெறுங்காலோடு. ஆர்லன் மூடியின் கைப்பிடியில் கை வைத்திருந்தான்.

"தொறக்காத! அப்பா, கைய எடு! தொறந்தா மூஞ்சியிலயே அடிக்கும்!"

அவன் கையை எடுத்தான். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். தாயின் தோல் கையுறைகள் அடுப்பின் அடியில் ஒரு கொக்கியில் தொங்கின, ஆர்லன் காலையிலிருந்து அவற்றைப் பார்க்கவேயில்லை. அவள் பார்க்காமலேயே கையை நீட்டி எடுத்து மாட்டிக்கொண்டாள். புகை மெலிகிறவரை நின்றாள். பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று மூடியைத் திறந்தாள். இரண்டு தோள்கள் கரிக்கட்டையாகியிருந்தன. கிண்ணத்திலிருந்து விலகியிருந்த மற்ற இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றைத் தூக்கித் தட்டில் வைத்து, அலுமினியத் தாளால் மூடி, சமையலறை ஓவனுக்குள் வைத்துவிட்டு வந்தாள். வந்து தட்டிகளைக் கழற்றினாள். நெருப்புக் கிண்ணம் மேல்வரை அடைத்துக் கிடந்தது. தகர வாளியை இழுத்து வைத்துக்கொண்டு கரண்டியால் அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"என்ன பண்ணுன?"

"நம்பர் நகரல."

"எத்தன மணி நேரமா?"

"மூணு மணி நேரம்."

"நகராதுப்பா. இந்தக் கறி நூத்தி அறுபது கிட்ட வந்து நின்னுக்கும். வேர்க்கும். வேர்க்க வேர்க்க ஏறாது. அஞ்சு மணி நேரம்கூட அப்படியே நிக்கும். ஒண்ணும் பண்ணக் கூடாது, சும்மா விட்டுரணும். அம்மா குறுக்கெழுத்து எடுத்துட்டு வந்து உக்காந்துக்குவா. அப்புறம் அதுவா ஏறும்."

"எனக்குத் தெரியாது."

"கேட்டிருக்கலாம்ல? மேலதான இருந்தேன்."

"தூங்குறேன்னு நெனச்சேன்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா?" கரண்டி வாளியில் மோதியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நம்பர் நகரலன்னா நீ ஆஃப் பண்ணிடுவ. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

ஆர்லன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் பேசுவது பன்றிக்கறியைப் பற்றி அல்ல என்பது இருவருக்கும் தெரிந்தது. டாக்டர் சொன்னார் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நாலு மாதமாக அதை எடுத்து எடுத்துக் கொடுத்தாயிற்று. இப்போது அதைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"என்னால பாக்க முடியல" என்றான்.

அவள் கை நின்றது.

"டாக்டர் சொன்னாரு, நெசந்தான். ஆனா நான் கையெழுத்துப் போட்டது அதுக்காக இல்ல. அவர் இன்னும் ஒரு வாரம்கூட வெச்சிருக்கலாம்னுதான் சொன்னாரு. என்னாலதான் அதப் பாத்துட்டு உக்கார முடியல டெலனி. மூணு நாள் பாத்தேன். நாலாவது நாள் முடியல. அவ்வளவுதான்."

அவன் குரல் கிடங்கில் ஈர அளவு சொல்கிற குரல் மாதிரியே இருந்தது. அதை வேறு மாதிரி சொல்ல அவனுக்கு வரவில்லை.

டெலனி கரித்தூளின் மேலேயே குந்தி உட்கார்ந்தாள். "அவ எழுந்திருப்பான்னு நான் கேக்கலப்பா" என்றாள். "எனக்கும் தெரியும். எனக்கென்ன பச்சப்புள்ளயா? அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அவளுக்குக் கேக்குமோ கேக்காதோ, சொல்லணும். நீ எப்பப் பாத்தாலும் அங்கயே இருந்த. நர்ஸு இருந்தாங்க. எனக்குத் தைரியம் வர ரெண்டு நாள் வேண்டியிருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டால் அது எதற்கும் உதவாது என்று ஆர்லனுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள்தான் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். மூடியைத் திறந்து வைத்து, சின்னக் கிண்ணத்தில் நெருப்பு நீலமாகப் பிடிக்கிறவரை குனிந்து நின்று பார்த்து, பிறகு மூடினாள். இரண்டு தோள்களையும் திரும்ப வைத்தாள். இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான்கு மணிக்கு அவள் மடியில் போன் அடித்தது. கொரீனின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும்.

"பேக் பண்ணிட்டியா கண்ணு? நாளைக்கு அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான், பெரியப்பா ராத்திரில வண்டி ஓட்ட விடமாட்டாரு. அப்புறம் உங்கப்பன் எதையாவது எரிச்சு வெச்சிருக்கானா?"

"பாதிதான் பெரியம்மா."

"நான் நெனச்சேன். நாலு டிரே சொல்லிடுறேன்."

"ரெண்டு போதும்."

"ரெண்டு நாள் குடு" என்றான் ஆர்லன்.

டெலனி போனைக் காதிலிருந்து எடுத்து அவனைப் பார்த்தாள். அவன் எதைக் கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அதைக் கேட்க அவனுக்கு உரிமையே இல்லை என்பதும் புரிந்தது. அவனுக்கும் புரிந்துதான் இருந்தது. முகத்தை மறைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் நியாயம்தான்.

"பெரியம்மா" என்றாள் போனில். "நாளைக்கு வேனக் கொண்டு வராத. விருந்துக்கு மட்டும் வா. செவ்வாக்கெழம போலாம்."

"ஏன், என்ன ஆச்சு? அவன் எதாவது சொன்னானா?"

"ஒண்ணும் ஆகல. செவ்வாக்கெழம."

விருந்து நடந்தது. எண்பது பேருக்குமேல் வந்தார்கள். சூப்பர் மார்க்கெட் டிரேயில் இருந்ததைத் தொடாமல் ஜானெல் அடுப்பில் வெந்ததையே எல்லாரும் தேடித் தின்றதில் அது அரைமணியில் தீர்ந்துபோனது. அப்படியே அவள் கைப்பக்குவம் என்று ஒரு பெண் ஆர்லனின் தோளைத் தட்டினாள். மெர்ல் கரிந்துபோன துண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடித்துவிட்டு, ஷூ அடிப்பாகம் இதைவிடப் பதமாக இருக்கும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். ஆர்லன் அவரவர் சொன்னதற்கு ஏற்றபடி சிரித்தான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டியில் மிச்சக் கறியை வைத்துத் தின்றார்கள். அப்போது டெலனி சொன்னாள். பிப்ரவரியில் அந்தத் திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது, ஜானெல் அவளை அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறாள். "உன் அடுப்ப நீயே கட்டிட்டு அழு, என் முடியெல்லாம் நாறுது, ஸ்கூல்ல பக்கத்துல ஒருத்தியும் உக்கார மாட்டேங்குறான்னு சொல்லிட்டுக் கதவ அறைஞ்சு சாத்திட்டுப் போனேன்" என்றாள். "அதான் கடைசி. அந்த வார்த்தையத்தான் திரும்ப எடுத்துக்கணும்னு இருந்தேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சாப்பா. கதவு சாத்துனப்புறம் சிரிச்சா. கேட்டுச்சு."

ஆர்லன் ரொட்டியைக் கீழே வைத்தான். அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அப்போதும் அவனுக்கு எதுவும் வரவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கொரீன் வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, தலையணை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் ஆர்லனே தூக்கி வேனில் வைத்தான். இரண்டு நாள் முடிந்துவிட்டது, அதற்கு மேல் அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டெலனி அவனைக் கட்டிப்பிடித்து, "நவம்பர்ல வர்றேன்" என்றாள். வேன் தெருமுனையில் திரும்பியது.

அவன் வீட்டுக்குள் போகவில்லை. கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். பிப்ரவரியில் வர வேண்டியது அப்போது வந்தது. ஐம்பத்துநாலு வயது ஆள், பட்டப்பகலில், வாய்விட்டு அழுதான். அது ஜானெலுக்கா டெலனிக்கா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டு பேருமே போயிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மெர்ல் காலையிலேயே முழுப் புல்தரையையும் வெட்டி முடித்திருந்தான். ஆர்லன் எழுந்து உள்ளே போகிறவரை, தெருவில் வேறு யாருக்கும் அழுகைச் சத்தம் கேட்காதபடி, வெட்டிய புல்லையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தான்.